எழுத்தாளனும் வாரக் கணக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அலுவலகத்தில் பணியாற்றுவோர்க்கு வருகைப் பதிவேடு உண்டு. ஆசிரியர்க்குப் பாடவேளை மணி உண்டு. தறியில் அமர்வோர்க்கு நெய்து முடித்த துணியே கணக்கைச் சொல்லிவிடும். எழுத்தை மட்டுமே நம்பி வாழ முற்பட்டவர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. காலையில் அவர் மேசைமுன் அமர்ந்தாரா, அமரவில்லையா என்று கேட்க எவரும் இல்லை. ஒரு நாள் வீணானால் அன்றிரவே மனம் உறுத்துகிறது. ஒரு வாரம் வீணானால் ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பல வாரங்கள் அவ்வாறே சென்றபின் காரணம் தேடும் வழக்கமும் நின்றுவிடுகிறது.

வாரந்தோறும் ஓர் இலக்கை வகுத்துக்கொள்ளுதலும், அவ்விலக்குக்கு எவரிடமேனும் கணக்குக் கொடுத்தலுமே இவ்வுரையின் பொருள். வணிக மேலாண்மை வகுப்பில் பேச வேண்டியதை இலக்கிய மேடையில் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதப்படாத நூலை எந்தத் திறனாய்வாளரும் மதிப்பிட இயலாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூலின் நயம் பற்றிப் பேசுவதற்கு முன், அந்நூல் எழுதி முடிக்கப்படுதல் வேண்டுமன்றோ?

இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளத் தக்கவர் ஆங்கில இலக்கியத்தின் பேரறிஞர் சாமுவேல் ஜான்சன். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக அவரை இங்கே காட்டவில்லை. அவர் சோம்பலோடு வாழ்நாள் முழுதும் போராடிப் பெரும்பாலும் தோற்றவர். தோற்றவர் எவ்வாறு அவ்வளவு எழுதினார் என்பதே ஆராயத் தக்கது.

1709-இல் லிச்பீல்டு என்னும் ஊரில் ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்த ஜான்சன், 1737-இல் இலண்டனுக்கு வந்தார். ஊதியம் தரும் நிலையான பணி அவருக்கு வாய்க்கவில்லை. இதழ்களுக்கு எழுதியும், மொழிபெயர்த்தும், புத்தக வணிகர்கள் கேட்டதை எழுதிக் கொடுத்தும் பிழைத்தார். இன்று சுதந்திர எழுத்தாளர் என்று அழைக்கப்படுவோரின் வாழ்வு அப்படியே அவருடைய வாழ்வாக இருந்தது. வேகத்தில் அவருக்குக் குறையில்லை. 1744-இல் வெளிவந்த ரிச்சர்ட் சாவேஜ் வாழ்க்கை வரலாற்றில் அச்சிட்ட நாற்பத்தெட்டுப் பக்கங்களை இரவெல்லாம் விழித்து ஒரே அமர்வில் எழுதியதாக அவரே கூறியிருக்கிறார். இத்தகைய வேகம் உடையவர்க்குக் காலக்கெடு எதற்கு என்று தோன்றும். அவ்வேகம் எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது என்பதுதான் இடர்ப்பாடு.

1746-ஆம் ஆண்டு சூன் திங்களில் இலண்டன் புத்தக வணிகர் சிலர் ஒன்றுகூடி, ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்துத் தருமாறு அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். தொகை 1,575 பவுன். உதவியாளர்க்குரிய கூலியும் அத்தொகையினின்றே கொடுக்கப்பட வேண்டும். மூன்றே ஆண்டுகளில் முடித்துவிடுவதாக ஜான்சன் கருதினார். பிரெஞ்சுக் கழகத்தின் நாற்பது உறுப்பினர்க்கு அகராதி செய்ய நாற்பது ஆண்டுகள் ஆயினவே என்று நண்பர் ஒருவர் நினைவூட்டியபோது, நாற்பதை நாற்பதால் பெருக்கி, ஆயிரத்து அறுநூறுக்கு மூன்று என்பதே பிரெஞ்சுக்காரனுக்கும் ஆங்கிலேயனுக்கும் உள்ள விகிதம் என்று நகையாடினாராம். அகராதி வெளிவந்தது 1755 ஏப்ரலில். மூன்று ஆண்டு என்றது ஏறத்தாழ ஒன்பது ஆண்டாயிற்று.

இந்த ஒன்பது ஆண்டுகளின் உட்பகுப்பு இன்னும் சுவையானது. 1753 ஏப்ரல் 3-ஆம் நாள், அகராதியின் இரண்டாம் தொகுதியைத் தொடங்குவதாக ஜான்சன் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். முன்னுரை, இலக்கணம், மொழி வரலாறு ஆகியவற்றுக்கு முதல் தொகுதியில் இடம் விடப்பட்டிருப்பதாகவும், அவற்றுள் ஒன்றேனும் இன்னும் தொடங்கப்படவில்லை என்றும் அக்குறிப்பிலேயே ஒப்புக்கொள்கிறார். முதற் பாதிக்கு ஏறத்தாழ ஏழாண்டு. எஞ்சிய அனைத்துக்கும் இரண்டாண்டு. என்ன மாறியது? சொற்களைத் தொகுக்கும் முறை தொடக்கத்தில் பிழையாக அமைந்து, செய்த வேலையை மீண்டும் செய்ய நேர்ந்தது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. 1751 நவம்பரில், பங்காளிகளாகிய புத்தக வணிகர்கள் பொறுமையிழந்து அச்சகத்தார் ஸ்ட்ராஹன் வாயிலாகக் கடுமையான செய்தி அனுப்பினர். முதல் தொகுதி அச்சேறும் வரை அவர்களைச் சந்திப்பதில்லை என்று ஜான்சன் சினந்து விடை எழுதினார். சினம் தணிந்தபின் வேலை நடந்தது. தாள்கள் அச்சகத்திற்குச் செல்லச் செல்ல, அடுத்த தாள் எங்கே என்ற கேள்வியும் வந்துகொண்டே இருந்தது. அக்கேள்வி ஒன்றே அகராதியை முடித்தது என்று கூறுவது மிகையாகும். அக்கேள்வி இல்லாதிருந்தால் முடிந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

இங்கே புரவலர் ஒருவரையும் நினைத்துப் பார்க்கலாம். அகராதித் திட்டத்தை 1747-இல் செஸ்டர்பீல்டு பிரபுவுக்கே ஜான்சன் உரிமையாக்கினார். அப்பிரபு ஏழாண்டுகள் எதுவும் உதவவில்லை; அகராதி வெளிவரும் தறுவாயில் பாராட்டுரை எழுதினார். 1755 பிப்ரவரி 7-ஆம் நாள் ஜான்சன் அவருக்கு எழுதிய மறுப்புக் கடிதம் உலகப் புகழ்பெற்றது. பணம் தராததே அக்கடிதத்தின் குற்றச்சாட்டு எனப் பலர் எண்ணுவர். ஏழாண்டுகளில் ஒரு முறையேனும் என்ன ஆயிற்று என்று கேளாமை அதனினும் பெரிய குற்றமாக அதில் ஒலிக்கிறது. கேட்டுத் தொல்லை செய்த புத்தக வணிகர்களை ஜான்சன் அவ்வாறு வெறுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பங்காளிகளுள் ஒருவரான மில்லர், கடைசித் தாள் வந்து சேர்ந்ததும் இவரிடமிருந்து விடுபட்டேன் எனக் கடவுளுக்கு நன்றி கூறினாராம். மில்லர் எதற்காகவேனும் கடவுளுக்கு நன்றி செலுத்துவது தமக்கு மகிழ்ச்சியே என்று ஜான்சன் சொல்லியனுப்பினாராம்.

இனி, இதே ஒன்பது ஆண்டுகளுக்குள் நடந்த வேறொன்றைக் காண வேண்டும். 1750 மார்ச்சு 20-ஆம் நாள் 'ராம்ப்ளர்' என்னும் கட்டுரை இதழை அவர் தொடங்கினார். செவ்வாய் ஒன்று, சனி ஒன்று என வாரத்திற்கு இரண்டு கட்டுரைகள். ஒரு கட்டுரைக்கு இரண்டு கினி. 1752 மார்ச்சு 14 வரை மொத்தம் 208 இதழ்கள் வந்தன. மிகச் சிலவற்றைத் தவிர அனைத்தையும் அவரே எழுதினார். மூன்றாண்டு வாக்கை ஒன்பதாண்டாக நீட்டித்தவர், இரு நூற்றுக்கு மேற்பட்ட கெடுக்களைக் காத்தார்! அவ்விதழின் 134-ஆம் எண், செயலைத் தள்ளிப்போடும் இயல்பைப் பற்றியது. அச்சகப் பையன் வாயிலில் காத்து நிற்க அதனை அவர் அவசரமாக எழுதினார் என்று அவரோடு நெருங்கிப் பழகிய பியோசி அம்மையார் குறிப்பிடுகிறார். ஓவியர் ரெனால்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் எழுதியதாக அவர் கூறுவது மட்டும் பொருந்தாது. 1751-இல் ரெனால்ட்ஸ் இத்தாலியில் இருந்தார். கூடம் எவருடையதாயினும் ஆகுக. தள்ளிப்போடுதலைக் கண்டிக்கும் கட்டுரையைத் தள்ளிப்போட்டே எழுதிய மனிதரின் முகத்தில் அன்று ஒரு புன்னகை இருந்திருக்கும்.

பின்னர் 1758 முதல் 1760 வரை 'ஐட்லர்', அதாவது சோம்பேறி என்னும் பொருத்தமான பெயரில் வாரம் ஒரு கட்டுரை எழுதினார். ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்த ஒரு மாலையில், அஞ்சல் புறப்பட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நண்பர் லாங்டனைக் கேட்டார். அரை மணி என்றார் லாங்டன். அது போதும் என்று அமர்ந்து ஒரு கட்டுரையை முடித்தார். படித்துப் பார்க்கலாமா என்று லாங்டன் கேட்டபோது, எழுதிய தாமே படிக்காததை அவர் படிக்கக் கூடாது என்று மடித்து அனுப்பிவிட்டார். 1759 சனவரியில் அவருடைய தாய் மறைந்தார். ஈமச் செலவுக்கும் தாய் விட்டுச் சென்ற சிறு கடன்களுக்கும் பணம் வேண்டியிருந்தது. 'ராசலஸ்' என்னும் கதையை ஒரே வாரத்தின் மாலைப் பொழுதுகளில் எழுதி, எழுத எழுத அச்சுக்கு அனுப்பினார். அதற்கு நூறு பவுன் கிடைத்தது. பின்னர் அதை எடுத்துப் படிக்கவும் இல்லை என்று அவரே கூறினார். அக்கதை இன்றும் படிக்கப்படுகிறது.

இதழுக்கு அளித்த வாக்கைக் காத்த இதே மனிதர் தமக்குத் தாமே அளித்த வாக்கை எவ்வாறு காத்தார்? அவர் மறைந்தபின் 1785-இல் வெளியிடப்பட்ட வேண்டுதல்களும் தியானங்களும் அடங்கிய நூல் இதற்கு விடை தருகிறது. ஒவ்வொரு பிறந்த நாளிலும், புத்தாண்டிலும், ஈஸ்டரிலும் உறுதிமொழிகள் எழுதுகிறார்: அதிகாலையில் எழுதல், முறையாகப் படித்தல், நேரத்தை வீணாக்காதிருத்தல். 1764 செப்டம்பர் 18, அவருடைய ஐம்பத்தைந்தாம் பிறந்த நாள். உறுதி பூணுவதிலேயே ஐம்பத்தைந்து ஆண்டுகளைச் செலவிட்டதாகவும் எதுவும் செய்யவில்லை என்றும் அன்று எழுதுகிறார். அகராதி செய்தவர், ராம்ப்ளர் எழுதியவர் இவ்வாறு எழுதுகிறார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. மறு ஆண்டு ஈஸ்டரில் எட்டு மணிக்கு எழுவதாக உறுதி கொள்கிறார். அது அதிகாலை அன்று என்று அவருக்குத் தெரியும். பல நாட்கள் பிற்பகல் இரண்டு மணி வரை படுத்திருப்பவர்க்கு எட்டு மணியே பெரிது என்று காரணமும் எழுதுகிறார். அவருடைய உறுதிமொழிகளுள் மிக அறிவார்ந்தது இதுவே. தம் நிலையை உள்ளவாறு அளந்து, அதற்கேற்ப இலக்கைத் தாழ்த்தும் துணிவு அதில் இருக்கிறது.

இவ்விரு நிலைகட்கும் இடையில் நிற்பது சேக்ஸ்பியர் பதிப்பு. 1756-இல் அறிவிப்பு வெளியிட்டு, முன்பணம் பெற்று, அடுத்த ஆண்டு இறுதிக்குள் தருவதாகச் சொன்னார். அவ்வாண்டு மார்ச்சில்தான் ஐந்து பவுன் பதினெட்டு ஷில்லிங் கடனுக்காகக் கைது செய்யப்பட்டு, நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் அனுப்பிய ஆறு கினியால் மீண்டிருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அவசரம் புரியும். நூல் வெளிவந்ததோ 1765-இல். முன்பணம் கொடுத்தோர் பலர். ஆனால் பலராயிருந்ததாலேயே எவரும் வாயிலில் வந்து நிற்கவில்லை. 1762-இல் சார்லஸ் சர்ச்சில் என்னும் அங்கதக் கவிஞர், பிற்காலப் பிரதமர் அல்லர், பணம் வாங்கிக்கொண்டு நூல் தராதவர் எனப் பாட்டிலேயே இடித்துரைத்தார். அவ்வாண்டிலேயே அரசு அவருக்கு ஆண்டுக்கு முந்நூறு பவுன் உதவித்தொகையும் வழங்கியது. வறுமை என்னும் கேள்வி கேட்பாளரும் விலகிவிட, பதிப்பு முடிய மேலும் மூன்றாண்டாயிற்று.

ஆக, ஒரே மனிதர் கொடுத்த மூவகை வாக்குகள் இங்கே உள்ளன. தமக்குத் தாமே கொடுத்த வாக்கு ஐம்பது ஆண்டுகளாக நிறைவேறவில்லை. பெரிய நூலுக்கு நெடுங்கெடு வைத்துப் பலருக்குப் பொதுவாகக் கொடுத்த வாக்கு மிகத் தாமதமாக நிறைவேறியது. சிறிய அளவில், குறித்த கிழமையில், குறித்த ஒருவரிடம் கொடுத்த வாக்கு இரு நூற்றெட்டு முறை நிறைவேறியது. மன உறுதியின் அளவு மூன்றிலும் ஒன்றே. வாக்கின் அமைப்புத்தான் வேறு.

ராம்ப்ளர் பற்றி இன்னுமொரு செய்தி. அவ்விதழின் சில எண்கள் வந்தபின், இத்தகைய எழுத்தைத் தம் கணவரிடமிருந்து எதிர்பார்க்கவில்லை என்று அவர் மனைவி வியந்து பாராட்டியதாகப் பாஸ்வெல் எழுதுகிறார். கடைசி எண் 1752 மார்ச்சு 14-இல் வந்தது. மூன்று நாட்களில் அவ்வம்மையார் மறைந்தார். அச்சகப் பையனுக்கு அப்பால் வீட்டிற்குள்ளும் ஒருவர் அடுத்த இதழுக்குக் காத்திருந்தார் என்பதை மறத்தலாகாது.

ஜான்சனுக்கு நேர் எதிரானவர் எனப் பொதுவாகக் காட்டப்படுபவர் ஆண்டனி டிரோலப். 1815-இல் பிறந்து 1882-இல் மறைந்த இவர் நாற்பத்தேழு நாவல்கள் எழுதினார். 1867 வரை அஞ்சல் துறையில் அலுவலராகவும் இருந்தார். இவர் மறைந்த மறு ஆண்டு வெளிவந்த தன்வரலாற்றில் தம் எழுத்து முறையை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு நாவலைத் தொடங்கும்போதே ஒரு குறிப்பேட்டை வாரம் வாரமாகக் கோடிட்டு வைப்பார். அன்றன்று எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையை அதில் பதிவார். பக்கம் என்பது நழுவும் சொல் ஆகையால், ஒரு பக்கத்திற்கு 250 சொற்கள் என்று வரையறுத்து, சொற்களை எண்ணியும் வந்தார். சராசரி வாரத்திற்கு நாற்பது பக்கங்கள், அதாவது பத்தாயிரம் சொற்கள். தாழ்ந்த அளவு இருபது. ஒரு முறை நூற்றுப் பன்னிரண்டு வரை சென்றதும் உண்டு. காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்து, முதல் அரை மணி முந்திய நாள் எழுதியதைப் படித்து, பின்னர்க் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார்.

இவ்வேடு அவருக்கு மட்டுமே உரியது. பிறர் எவரும் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை. அப்படியானால் தமக்குத் தாமே கொடுத்த வாக்கும் நிறைவேறும் என்றாகிறதே? இரு செய்திகளை இங்கே கவனித்தல் வேண்டும். ஒன்று, ஜான்சனின் உறுதிமொழி "முறையாகப் படிப்பேன்" என்னும் போக்கில் அமைந்தது. நிறைவேறியதா என்று அளக்க அதில் வழியில்லை. டிரோலப்பின் ஏட்டில் எண் இருந்தது; எண் இல்லாத கட்டம் வெறுமையாகக் கண்ணை உறுத்தியது. மற்றொன்று பலரும் படித்துவிட்டு மறந்துபோகும் செய்தி. அதிகாலையில் அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே ஒரு முதிய குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்து வந்தார். அம்முதியவர் ஒரு நாளும் தவறவில்லையாம். தம் வெற்றிக்கு வேறெவரினும் அவருக்கே மிகுதியாகக் கடமைப்பட்டிருப்பதாக டிரோலப் எழுதுகிறார். தன்னடக்கத்திற்காகச் சொன்னது என்று இதை ஒதுக்கிவிட வேண்டா. காப்பியோடு ஒருவர் இருளில் வந்து நிற்கும்போது மீண்டும் படுத்துக்கொள்வது எளிதன்று.

டிரோலப் இப்பழக்கத்தை வானத்திலிருந்து பெறவில்லை, தாயிடமிருந்து பெற்றார். பிரான்சிஸ் டிரோலப் அம்மையாரைப் பற்றி இன்னும் விரிவாகப் பேச வேண்டும். கணவர் வழக்கறிஞர் தொழிலிலும் வேளாண்மையிலும் தோற்றவர். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் தொடங்கிய வணிகமும் வீழ்ந்தது. ஐம்பது வயதைக் கடந்தபின், 1832-இல், அமெரிக்கர்களின் வாழ்க்கை முறைகளைப் பற்றிய தம் முதல் நூலை அவ்வம்மையார் வெளியிட்டார். 1834-இல் கடன்காரர்க்கு அஞ்சிக் குடும்பம் பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே மகன் ஹென்றி எலும்புருக்கி நோயால் அவ்வாண்டு இறுதியில் இறந்தார். மறு ஆண்டு கணவரும் இறந்தார். இருவர்க்கும் இரவு பகலாகப் பணிவிடை செய்துகொண்டே குடும்பச் செலவுக்காக அம்மையார் நாவல் எழுதினார். மருந்துப் புட்டிகளும் மைப்புட்டியும் அவர் அறைகளில் ஒன்றாகவே இருந்தன என்று மகன் நினைவுகூர்கிறார். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, வீட்டார் விழிப்பதற்கு முன் அன்றைய எழுத்தை முடித்துவிடுவார் என்றும் எழுதுகிறார்.

இல்லத்திலிருந்து எழுதும் பெண்கள் இவ்வட்டத்திலும் உள்ளனர். அவர்கட்கு இந்நான்கு மணி புதிதன்று. ஆண் எழுத்தாளன் "எழுதுகிறேன்" என்று சொன்னால் கதவு சாத்தப்படுகிறது. பெண் சொன்னால் அடுப்பிலிருப்பதை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுகிறது. வார இலக்கு என்பது இவர்கட்கு எழுதத் தூண்டும் கோலாக மட்டும் அமைவதன்று. "வியாழனுக்குள் இத்தனை பக்கம் தர வேண்டும், ஒருவர் காத்திருக்கிறார்" என்று வீட்டாரிடம் சொல்லத் தக்க ஒரு காரணமாகவும் அது பயன்படுகிறது. தன் விருப்பத்திற்காக ஒரு மணி நேரம் கேட்கத் தயங்கும் பெண், பிறர்க்குக் கொடுத்த வாக்கிற்காக அதைத் தயங்காது கேட்பாள். இந்நிலை நியாயமானதன்று. மாறும் வரை பயன்படுத்திக்கொள்ளத் தக்கது.

கவிஞர்கள் இந்நேரம் பொறுமையிழந்திருப்பர். நாவலும் கட்டுரையும் பக்கக் கணக்கில் வரலாம், கவிதை வருமா? டிரோலப் இதிலும் கடுமையானவர். செருப்புத் தைப்பவர் உள்ளெழுச்சிக்குக் காத்திருப்பதில்லையே என்று கேட்டவர். தன்வரலாறு வெளிவந்தபின் அவர் புகழ் மங்கியதற்கு இவ்வெளிப்படையான பேச்சும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. வாசகர் அவ்வளவு தவறு செய்துவிடவுமில்லை. நாற்பத்தேழு நாவல்களும் ஒரே தரத்தன அல்ல. அவர் ஏடு எந்த வாரம் நன்றாக எழுதினார் என்று சொல்லாது. அமர்ந்தாரா என்பதை மட்டுமே அது சொல்லும். கவிஞர்க்கும் அவ்வளவே வேண்டுவது. இந்த வாரம் இரண்டு கவிதை என்று எவரும் வாக்களிக்க இயலாது. நான்கு நாள் ஒரு மணி நேரம் அமர்வது, பழைய கவிதைகளுள் மூன்றைத் திருத்திப் படியெடுப்பது, ஓர் இதழுக்கு அனுப்புவது, திரும்பி வந்ததை வேறோர் இதழுக்கு அனுப்புவது ஆகியவற்றுக்கு வாக்களிக்க இயலும்.

தமிழ் மரபும் இதை அறியாததன்று. அரங்கேற்றத்தை நூலின் மதிப்பீடாக மட்டும் காண்பது பழக்கமாகிவிட்டது. அது ஒரு கெடுவும் ஆகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தல புராணங்களை வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஏட்டில் எழுதுவர். திருப்பெருந்துறைப் புராணத்தின்போது எழுதுபவராக உடனிருந்த உ.வே. சாமிநாதையர் இக்காட்சியைத் தம் நூல்களில் விரிவாகத் தந்திருக்கிறார். அரங்கேற்றத்திற்கென ஊரார் கூடி அமர்ந்திருக்கும்போது நாளை பார்க்கலாம் என்று சொல்ல எந்தப் புலவர்க்கும் வாய் வராது. எழுத்தாணியோடு எதிரே அமர்ந்திருக்கும் மாணவரும் ஒருவகை அச்சகப் பையனே. அடுத்த நூற்றாண்டில் அவ்விடத்தை வார இதழ் எடுத்துக்கொண்டது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரந்தோறும் வந்தது. இதழ் கல்கியின் சொந்த இதழ். தமக்குத் தாமே விடுப்பு அளித்துக்கொள்ளத் தடையில்லை. எனினும் அடுத்த வாரத்திற்குக் காத்திருக்கும் வாசகர் என்னும் கண்காணி அவருக்கு இருந்தார்.

இவ்வட்டத்தின் பத்தாண்டு வரலாற்றிலேயே இதற்குச் சான்று காணலாம். கவியரங்கத்திற்குத் தலைப்பும் நாளும் தந்துவிட்டால் கவிதை வராமற் போவது அரிது. முதல் நாள் இரவு எழுதினாலும் மேடைக்கு வந்துவிடும். அதே கவிஞரிடம் தொகுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டால், "நடந்துகொண்டிருக்கிறது" என்பார். சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் அவ்வாறே நடந்துகொண்டிருந்தது. கவியரங்கத் தலைப்பு பிறர் தந்தது. தொகுப்பு அவருடைய சொந்த உயிர். பிறர் தந்தது முடிகிறது, சொந்தமானது முடியாமற் கிடக்கிறது. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களிடம் இக்கேடு இன்னும் மிகுதி. மொழிபெயர்ப்புக்கும் மெய்ப்புத் திருத்தத்திற்கும் கேட்பார் உண்டு, கூலியும் உண்டு. தம் நாவலுக்கு இரண்டும் இல்லை. ஆகவே கூலி வேலை வாரம் முழுவதையும் தின்றுவிடுகிறது. குறிப்பேட்டில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பத்தி கோடிடாதவர், பரபரப்பாக உழைத்த பத்தாண்டின் முடிவில் தம் நூல் ஒன்றும் இல்லாமல் நிற்பார்.

செய்யத் தக்கது எளியது. உறுப்பினர் இருவர் இருவராக இணைந்துகொள்ளலாம். வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு ஒருவர்க்கொருவர் மூன்று வரி எழுதி அனுப்பலாம்: சென்ற வாரம் சொன்னது என்ன, செய்தது என்ன, வரும் வாரம் செய்யவிருப்பது என்ன. அஞ்சலட்டையிலும் எழுதலாம், கைப்பேசியிலும் அனுப்பலாம். படைப்பை அனுப்ப வேண்டா. கருத்துக் கேட்கவும் வேண்டா. பெறுபவர் திறனாய்வாளராக மாறினால் எழுதுபவர்க்கு அச்சம் வந்துவிடும். அவர் அச்சகப் பையனைப் போல் வாயிலில் நிற்றலே போதும். இணைபவர் நெருங்கிய நண்பராக இல்லாதிருத்தல் நன்று. நண்பர் எளிதில் மன்னித்துவிடுவார்.

இலக்கு தவறிய வாரங்கள் வரும். காய்ச்சல் வரும், திருமணம் வரும், தேர்வுத் தாள் திருத்தம் வரும். தவறிய பக்கங்களை அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றுவோர் மூன்றே வாரங்களில் ஏட்டை மூடிவிடுவர். டிரோலப்பின் ஏட்டில் இருபது பக்க வாரமும் இருந்தது. ஜான்சனும் ஆறு மணியை விட்டு எட்டு மணிக்கு இறங்கினார். தவறியதைத் தவறியது என்றே எழுதிவிட்டு, அடுத்த வாரத்தைச் சிறிது குறைத்துத் தொடங்குதல் வேண்டும். காரணம் எழுதுவதாயின் ஒரு வரிக்கு மேற்படலாகாது. எழுத்தாளர்கள் காரணங்களை மிக நன்றாக எழுதுவர்.

1777-இல் இலண்டன் புத்தக வணிகர் சிலர் மீண்டும் ஜான்சன் வீட்டு வாயிலுக்கு வந்தனர். ஆங்கிலக் கவிஞர்களின் நூல்களுக்குச் சிறு சிறு முன்னுரைகள் வேண்டும் என்றனர். இரு நூறு கினி போதும் என்றார். முன்னுரைகள் வளர்ந்து 'கவிஞர் வரலாறுகள்' ஆயின. 1781-இல், எழுபத்தோராம் வயதில் அதை முடித்தபோது, வழக்கம்போல் தாமதித்தும் அவசரப்பட்டும் எழுதியதாகவே நாட்குறிப்பில் பதிந்தார். அவர் மாறவேயில்லை, நூல் முடிந்திருந்தது.

இணைந்துகொள்ள விரும்பும் உறுப்பினர்கள், விழா முடிந்து கலைவதற்கு முன் செயலாளரிடம் பெயரையும் கிழமையையும் கொடுத்துச் செல்லலாம்.